வேலுமணி வெறுங்கையோடு வர வேண்டியிருந்தது

துறைத் தலைவர் சுவாமிநாதன் ஒரு கையெழுத்துப் போட்டால் நான் பி.எஸ்ஸி. விலங்கியல் இறுதியாண்டுப் பரீட்சை எழுதலாம். போடாவிட்டால் என் பெரியப்பாவின் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் ஏறி மத்தியப் பிரதேசத்துக்குப் போய், பாறைக்குள் இறங்குகிற இரும்புக் குழாய்களைத் தோளில் தூக்கிக் கொடுக்கலாம். 1981ஆம் வருஷத் தை மாதத்தில் என் எதிர்காலம் இவ்வளவு தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவான எதிர்காலம் வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை.

வகுப்புக்கு நான் வந்த நாட்கள் கொஞ்சம் குறைவு. கொஞ்சம் என்பது என் கணிப்பு. விண்ணப்பத்தோடு போய் நின்றபோது சுவாமிநாதன் சார், “நீ யாருப்பா?” என்று கேட்டார்.

“ராசப்பனுங்க சார். உங்க வகுப்புத்தானுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் நான்தான் இருந்தேன்.

“ஓ, நீயா. விடுதி நாள்ல என்னை மாதிரியே நடிச்சியாமே?”

“உங்களை இல்லீங்க சார். பொதுவா ஒரு வாத்தியார்.”

“அந்தப் பொதுவான வாத்தியாரு ஆத்தூர்க்காரராமே?”

மாட்டிக்கொண்டால் தரையைப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். பார்த்தேன்.

அப்போதுதான் அவர் அந்த நிபந்தனையைச் சொன்னார். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கப் போகிறது. எல்லா முகாமிலும் முட்டை சாப்பிடு, பருப்பு சாப்பிடு, புரதம் நல்லது என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். உடம்பு தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே கட்டுகிறது, ஒவ்வொரு செல்லும் தன்னிடமுள்ள மரபுச் செய்தியைப் படித்துக் கட்டுகிறது என்பதை யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும். நாடகமாக. கடைசி நாள் மாலை அவர் நேரில் வந்து பார்ப்பார்.

“பிழை இருக்கக் கூடாது. ஆரம்பிச்ச இடத்துல ஆரம்பிக்கணும், முடியற இடத்துல முடியணும். சரியா முடிஞ்சா அங்கேயே கையெழுத்து. மறுநாள்தான் அலுவலகத்துல கொடுக்கக் கடைசி நாள், தெரியுமில்ல?”

தெரியும். பெரியப்பாவின் வண்டி கிளம்புவதும் அந்த வாரம்தான்.

முகாம் நடந்தது வேலுமணியின் ஊரில். வேலுமணி என் பெஞ்சுக்காரன். அவன் அப்பாதான் ஊருக்கு முன்னின்று இடம் கொடுத்தவர், மூன்று வேளைச் சோறும் அவர்கள் வீட்டுப் பொறுப்பு. பகலில் வேலிக்காத்தான் வெட்டினோம். சாயங்காலம் அவர்கள் களத்தில் ஒத்திகை.

நாடகம் நான் எழுதியதிலேயே எளிமையானது. களத்தின் ஒரு மூலையில் நாலு மூங்கில் நட்டு ஓலை கட்டினோம். அதுதான் செல்லின் உட்கரு. டி.என்.ஏ. என்கிற மூலச் செய்தி உள்ளேயே இருக்கும், வெளியே வராது. அதிலிருந்து ஒரு நகல் மட்டும் வெளியே வரும். அந்த நகல், தூது ஆர்.என்.ஏ., ஒரு நீளமான காடாத் துணி. அதில் சலவை நீலத்தைக் கரைத்து ஏ, யூ, ஜி, சி என்று நாலே நாலு எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதினோம். மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஒரு அமினோ அமிலம், அவற்றை வரிசையாகக் கோத்தால் புரதம்.

துணியை இழுத்துப் படிக்கிற வேலை சாரதாமணிக்கு. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள். எனக்காக ஒன்றும் வரவில்லை, பாடத்துக்கு அவமானம் வந்துவிடக் கூடாது என்று வந்தாள்.

படித்த சொல்லைப் பொருளாக்குகிற ரைபோசோம் வேலை எங்கள் வகுப்புப் பொன்னனுக்கு. மணைப்பலகையில் உட்கார்ந்திருப்பான். கையில் கோணி ஊசியும் சணல் கயிறும். சாரதாமணி சொல்லைப் படித்ததும், அந்தச் சொல்லுக்குரிய கடத்தி ஆர்.என்.ஏ.வாக ஒருவன் தாம்பாளத்தில் அமினோ அமிலத்தை ஏந்தி வருவான். அமினோ அமிலம் என்பது எங்கள் நாடகத்தில் காய்கறி. ஏ-யூ-ஜி என்றால் கத்தரிக்காய், அதில்தான் தொடங்கும். ஜி-ஜி-சி எலுமிச்சை. யூ-யூ-யூ உருளைக்கிழங்கு. ஜி-சி-யூ தக்காளி. ஏ-ஏ-ஏ வெங்காயம். பொன்னன் வாங்கி வாங்கிக் கோப்பான். ஐந்து காய் கோத்ததும் யூ-ஏ-ஏ வரும். அது நிறுத்து என்கிற சொல். அதற்கு அமினோ அமிலம் கிடையாது. ஒருவன் வெறுங்கையோடு வந்து பொன்னன் தோளைத் தொட்டு “போதும்” என்பான். பொன்னன் கயிற்றை விட்டுவிட்டு எழுந்துகொள்வான். புரதம் தயார். கைதட்டல். கையெழுத்து.

அந்த வெறுங்கை ஆளாக வேலுமணியைப் போட்டேன். அவனுக்கு வசனம் நிற்காது. ஒரே ஒரு சொல், கையில் சாமான் இல்லை, கீழே போட்டு உடைக்கவும் வழியில்லை. இதைவிடப் பொருத்தமாக யாரும் பாத்திரம் ஒதுக்கியிருக்க முடியாது என்று நினைத்தேன்.

ஒத்திகையில் பொன்னன் என் ரத்தத்தைக் குடித்தான். கடத்தி தட்டோடு வந்ததும் கும்பிட்டு, “வாங்க, வாங்க. ஊட்டுல எல்லாம் சௌக்கியமுங்களா?” என்றான்.

“டேய், ரைபோசோம் உபசரிக்காதுடா.”

“வந்தவங்கள வாங்கன்னு கேக்காம எப்படிடா? நாளைக்கி ஊரே பாக்கப் போவுது. பொன்னனுக்கு மருவாத தெரியலைன்னு எங்க மாமன் காதுக்குப் போவும்.”

பொருந்தாத கடத்தி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் இந்தப் பாடத்தின் அழகே. பொன்னன் அவனைத் திருப்பி அனுப்பிய விதம்: “இந்தத் தடவ அமையலீங்க. அடுத்த தடவ கட்டாயம் வரோணும்.” வெங்காயக் கடத்தி காளியப்பனும் எலுமிச்சைக் கடத்தியும் எதிரெதிரே வந்தால், “நீங்க முன்னால போங்க” என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். உடம்புக்குள் ஒரு நொடியில் பல காய் கோத்தாகிறது. எங்கள் களத்தில் ஒரு எலுமிச்சம்பழம் உள்ளே வருவதற்குள் ஒரு மாடு தண்ணி குடித்துவிட்டுப் போனது.

“டைரக்டர் சார்,” என்றாள் சாரதாமணி, “இந்த உடம்பு தேறாது.”

“நீ துணியப் புடி.”

“துணி சரியாத்தான் இருக்குது. ஆனா யூ-ஏ-ஏக்குப் பொறவும் ரெண்டு முழம் எழுத்து எழுதி வெச்சிருக்கறயே, அது எதுக்கு?”

அது சாருடைய ஆணை. நிறுத்துச் சொல்லுக்கு அப்பாலும் தூதில் கொஞ்சம் எழுத்து இருக்கும், கடைசியில் ஏ-ஏ-ஏ-ஏ என்று ஒரு நீள வால் இருக்கும், அதையும் காட்டு என்று சொல்லியிருந்தார். “அதை யாரும் படிக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாலயே வேலுமணி நிறுத்திருவான்” என்றேன்.

கடைசி நாள். வெயில் தாழ்ந்ததும் ஊர் களத்துக்கு வந்துவிட்டது. சுவாமிநாதன் சார் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழரை வண்டிக்குத் திரும்ப வேண்டும் என்றார். சட்டைப் பையில் பேனா இருந்தது. பார்த்து வைத்துக்கொண்டேன்.

நான் ஒலிபெருக்கியைப் பிடித்தேன். “உங்க ஒவ்வொருத்தர் உடம்புலயும் கோடி கோடியாச் செல் இருக்குதுங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் இந்த வேலதான் நடக்குதுங்க.”

கூட்டத்தில் ஒரு பெரியவர், “என்ற உடம்புக்குள்ளயுமா சாமி?” என்றார்.

“ஆமாங்க.”

“அதான் ராத்திரியெல்லாம் ஒரே இரைச்சலு.”

சிரிப்பு அடங்கியதும் சாரதாமணி துணியோடு உட்கருவை விட்டு வந்தாள். ஏ-யூ-ஜி. கத்தரிக்காய் வந்தது. பொன்னன் “வாங்க” என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு கோத்தான். எலுமிச்சை வந்தது. உருளைக்கிழங்கு வந்தது. பொருந்தாத காளியப்பன் ஒரு தடவை வந்து, மரியாதை குறையாமல் திருப்பி அனுப்பப்பட்டான். தக்காளி கோக்கும்போது பொன்னன் மடியெல்லாம் சாறு. ஆனாலும் வரிசை தப்பவில்லை. சார் தலையை ஆட்டினார். எனக்குப் பரீட்சை ஹாலின் மேசை நாற்காலி கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் வைக்கோல் போருக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியை வைத்துவிட்டு ஓடினேன்.

வேலுமணி தன் முறைக்குக் காத்து நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா சௌந்திரம்.

“ஏஞ்சாமி, எல்லாப் பசங்களும் தட்டோட போறானுக. உனக்கு மட்டும் குடுக்கலயா?”

“எனக்குத் தட்டு இல்லீங்கம்மா. நான் வெறுங்கையோடதான் போவோணும்.”

“ஆரு சொன்னது?”

வேலுமணி என்னைக் காட்டினான். நட்பு என்பது அதுதான்.

“அம்மா, அவன் நிறுத்தறவனுங்க,” என்றேன். “மத்தவங்க எல்லாம் சாமான் கொண்டாறவங்க. இவன் போயி நின்னாத்தான் வேல முடியும். கையில எதுவும் இருக்கக் கூடாதுங்க.”

“நிறுத்தட்டும் சாமி. ஆரு வேண்டாங்கறா? தட்டோட போயி நிறுத்தட்டும்.”

நான் மூன்று வருஷம் உயிரியல் படித்தவன். தட்டோடு வந்து நிறுத்துகிறவனை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

“ஊரான் ஊட்டுப் பசங்க எல்லாம் தட்டேந்திச் சபைக்குப் போவ, எடம் குடுத்த ஊட்டுப் பையன் கைய வீசிட்டுப் போனா, நாளைக்கி நான் எப்படித் தலநிமுந்து நடக்கறது? இவனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறோம்.”

“அம்மா, தட்டு இருந்தா அது அமினோ அமிலம் ஆயிருமுங்க.”

“ஆயிட்டுப் போவுது.”

சொல்லிக்கொண்டே பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு சீப்பு வாழைக்காய், ஒரு தேங்காய், வெற்றிலை எல்லாம் வைத்து அவன் கையில் கொடுத்தாகிவிட்டது. தட்டு முன்கூட்டியே தயாராக இருந்தது. அந்தப் பக்கம் சாரதாமணி, “யூ-ஏ-ஏ” என்று படித்தாள். வேலுமணி போனான்.

தட்டைப் பார்த்ததும் பொன்னனுக்குப் பாடம் மறந்து பழக்கம் வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே தட்டை இரண்டு கையாலும் வாங்கினான். “வாங்க, வாங்க” என்றான், இந்தத் தடவை சத்தமாகவே. ஒரு வாழைக்காயைப் பிய்த்துக் கயிற்றில் கோத்தான். வேலுமணிக்கு “போதும்” என்று சொல்ல வேண்டியது ஞாபகம் இருந்தது. ஆனால் தட்டைக் கொடுத்துவிட்டுப் போதும் என்று எப்படிச் சொல்வது? “வெச்சுக்குங்க” என்றான். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான்.

சாரதாமணி என்னைப் பார்த்தாள். நான் கையைக் காலை ஆட்டினேன். நிறுத்து என்று நான் ஆட்டியதை மேலே படி என்று எடுத்துக்கொண்டாளா, அல்லது வேண்டுமென்றே செய்தாளா என்று இன்றுவரை தெரியாது. துணியை இழுத்து அடுத்த சொல்லைப் படித்தாள். தக்காளி வந்தது. அடுத்தது எலுமிச்சை.

இதற்குள் கூட்டத்தில் வேலுமணியின் அத்தை பாவாயி எழுந்துவிட்டார். அண்ணன் பெண்டாட்டி தட்டுச் சபையேறிவிட்டது, பிறந்தவள் தட்டு ஏறவில்லை. “இந்த ஊட்டுல பொறந்தவ நான் உசுரோட இருக்கறேன்” என்று யாரிடமோ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், ஒரு பறங்கிக்காயோடு வந்தார். பறங்கிக்காய் எந்த மூன்றெழுத்துக்கும் உரியதல்ல. பொன்னன் வாங்கிக்கொண்டான். கோக்க முடியாததால் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். பிறகு பங்காளி வீடுகள். முருங்கைக்காய் வந்தது. அவரை வந்தது. சீர் வரிசை என்றே ஊர் முடிவு செய்துவிட்டது. யாருக்குச் சீர் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் வால் ஆரம்பித்தது. ஏ-ஏ-ஏ. ஏ-ஏ-ஏ. ஏ-ஏ-ஏ. எல்லாம் வெங்காயம். காளியப்பன் ஓடி ஓடிக் கொண்டுவந்தான். முகாமுக்கு வாங்கிய வெங்காயம் தீர்ந்தது. அங்கே வெங்காயத்துக்கா பஞ்சம்? ஒரு பெரியம்மா வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறையிலிருந்து ஒரு கூடையே தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு வெங்காயத்துக்கும் சுவாமிநாதன் சார் நாற்காலியில் கொஞ்சம் கீழே இறங்கினார்.

துணி தீர்ந்தபோது பொன்னன் மடியில் கிடந்தது புரதமல்ல, ஒரு சந்தை. அவன் எழுந்திருக்கவும் இல்லை. “வெறுங்கையோட ஆளு வந்து தோளத் தொடாம எந்திரிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன?” என்றான். சொன்னேன்தான். வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவன் கேட்டது அன்றைக்குத்தான்.

பெண்கள் வந்து கயிற்றின் மறுமுனையிலிருந்து காய்களை உருவிக்கொண்டு போனார்கள். நல்ல காய், வீணாகக் கூடாது. அடுப்பு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. சீக்கிரமே களத்தில் இலை போட்டுவிட்டார்கள். நாங்கள் கட்டிய புரதம் குழம்பாகி வந்தது. பொன்னனுக்கு மட்டும் மணைப்பலகையிலேயே இலை.

சார் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எத்தனை கோத்திருக்கணும்?” என்றார்.

“அஞ்சுங்க சார்.”

“எத்தனை கோத்தான்?”

“வெங்காயத்தை எண்ணலீங்க சார்.” பிறகு துணிந்து சொன்னேன். “ஆனா சார், இப்படியும் நடக்குமுங்க. சில பேருக்கு ரத்தச் சிவப்பணுவுல நிறுத்துச் சொல்லு ஒரு எழுத்து மாறிப் போயி, அங்க நிக்காம முப்பத்தொரு அமினோ அமிலம் கூடுதலாக் கோத்துருதுங்க. நூலகத்துல படிச்சேன்.”

“எப்போ படிச்சே?”

“உங்க வகுப்பு நேரத்துலதானுங்க சார்.”

அவர் குழம்பிலிருந்த உருளைக்கிழங்கை இரண்டாகப் பிட்டார். “அவங்களுக்கு ரத்தம் குறையும். உனக்கு வருகை குறையுது. நாடகம் இன்னும் முடியலை. அதோ உக்காந்திருக்கானே, அவனை விடுவிச்சாத்தான் முடிஞ்சதா அர்த்தம். முடிஞ்சா கையெழுத்து. ஏழரை வண்டி வருது.”

அதற்குள் சௌந்திரம் அம்மா சோற்றுக் கரண்டியோடு வந்தார். “போதும்மா” என்று சார் இலை மேல் கையை வைத்தார். கைக்குப் பக்கத்தில் விழுந்தது. கையை அந்தப் பக்கம் நகர்த்தினார். இந்தப் பக்கம் விழுந்தது. “நிஜமாவே போதும்மா.” “நாலு பருக்க தானுங்க சாமி” என்று இன்னொரு கரண்டி. பந்தி இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. சாலையில் பஸ்ஸுக்கு ஆட்கள் போய் நிற்பது தெரிந்தது.

பந்தியில் பாதியில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒருவன் எழுந்தால் அந்த வரிசையே சாப்பிட்டு முடித்ததாகக் கணக்கு. எழுந்தவன் அந்த வீட்டுச் சோற்றைக் குறை சொன்னதாகவும் கணக்கு. பத்து நாள் சோறு போட்ட வீடு.

எழுந்தேன்.

வரிசை முழுக்கக் கைகள் அப்படியே நின்றன. பொன்னனிடம் போனேன். வலது கையில் சோறு ஒட்டியிருந்தது, அதனால் இடது கையால் தோளைத் தொட்டேன். “போதும்,” என்றேன்.

பொன்னன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் வாயில் முருங்கைக்காய் இருந்தது. மெதுவாக இலையை மடித்துவிட்டு எழுந்தான். அவன் எழுந்ததும் பெரியவர்கள் எழுந்தார்கள். பாவாயி அத்தை வீட்டுக்காரர் இலையில் கையையே வைத்திருக்கவில்லை. அவரும் எழுந்தார். சார் எழுந்து கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மை கொஞ்சம் பரவியது. ஆனால் அவர் பெயர்தான் என்று தெரிந்தது.

சௌந்திரம் அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

“உப்பு அதிகமா சாமி?”

“இல்லீங்கம்மா.”

“பொறவு?”

நான் நாடகம் என்றேன். முடிய வேண்டியது என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். கரண்டியைக் குண்டாவில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

வேலுமணி பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தான். என் பெட்டியைத் தூக்கி வந்தது வழியனுப்ப என்று நினைத்தேன். பெட்டியைக் கீழே வைத்தான்.

“கையெழுத்து ஆச்சா?”

“ஆச்சுடா.”

“நல்லா எழுது. எங்க ஊட்டுப் பக்கம் வந்துராத.”

“டேய், உங்கம்மாகிட்ட நான்…”

“போதும்,” என்றான். களத்தில் சொல்ல வராத சொல் இங்கே சுலபமாக வந்தது.

சித்திரையில் பரீட்சை நடந்தது. பெரியப்பாவின் வண்டி நான் இல்லாமல் போய்விட்டது. செல் உயிரியல் தாளைப் பிரித்தேன். புரதம் எப்படி உருவாகிறது என்று ஒரு கேள்வியும் இல்லை. நிறுத்துச் சொல்லைப் பற்றி இரண்டு மதிப்பெண்ணுக்குக்கூடக் கேட்கவில்லை. செல்சவ்வின் அமைப்பைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். அதை நடத்திய அன்றைக்கு நான் வகுப்பில் இல்லை. மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த வேலுமணி கூடுதல் தாள் கேட்டு வாங்கினான்.